லீ மோச்சோ கெட்டவள்தான், இருந்தாலும்

காதலித்தவன் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் ஹோ. அந்த ஒரே காரணத்துக்காக, அவளுக்கு எந்த உறவும் இல்லாத வேறொரு ஹோ வீட்டுக்குள் புகுந்து, கிழவர் குழந்தை என்று பார்க்காமல் இருபது பேருக்கு மேல் கொன்றுபோடுகிறாள் லீ மோச்சோ. அப்போதும் ஆத்திரம் தீரவில்லை. அந்தப் பெண்ணின் பெயரில் இருக்கும் யுவான் என்ற எழுத்து ஓர் ஆற்றின் பெயரிலும் வருகிறது. ஆற்றோரத்துச் சரக்குக் கிடங்குகளும் படகுக் கடைகளும் பெயர்ப்பலகையில் அதே எழுத்தை எழுதி வைத்திருக்கின்றன. 63 கடைகளை அடித்து நொறுக்குகிறாள். ஓர் எழுத்துக்காக.

எனக்கு அவளைப் பிடித்திருந்தது.

லீ மோச்சோ வரும் ஜின் யோங்கின் நாவலை 1998இல் சிங்கப்பூரிலேயே தொடராக எடுத்து ஒளிவழி 8இல் போட்டார்கள். கிறிஸ்டஃபர் லீ நாயகன் யாங் குவோவாகவும் ஃபான் வோங் நாயகி சியாவ் லோங் நியூவாகவும் நடித்தார்கள். பிற்பாடு நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் சீனத் தோழிகள் எல்லாருக்கும் அந்த ஜோடி மேல்தான் கண். வெள்ளை உடையில் கயிற்றின் மேல் படுத்துத் தூங்கும் சியாவ் லோங் நியூவைவிட, துறவி உடையில் கையில் சாமரமும் இடுப்பில் விஷ ஊசியுமாக வரும் அவளுடைய குருகுல அக்கா லீ மோச்சோ எனக்கு ஏன் முக்கியமாகப் பட்டாள் என்று அப்போது யோசிக்கவில்லை. அவள் எப்போது வருவாள் என்றுதான் காத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் புளோக்கில் எதிர்வீட்டு ஆன்ட்டி கான்டனீஸ்காரர். அவருக்கும் அம்மாவுக்கும் இடையே ஓடியது பாசார் மலாய். மீன் விலை, மருமகள் குறை, மூட்டுவலி எல்லாம் அந்த உடைந்த மலாயிலேயே முடிந்துவிடும். நாடக நேரத்தில் அவர் வீட்டு இரும்புக் கதவு திறந்தே கிடக்கும். நான் போய்த் தரையில் உட்கார்ந்துகொள்வேன். 1979இல் மாண்டரின் பேசச்சொல்லும் இயக்கம் வந்த பிறகு வட்டார மொழிகள் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் கழன்று போய்விட்டன. ஹாங்காங் தொடருக்குக்கூட அப்போது இங்கே மாண்டரின் குரல்தான். ரெடிஃபியூஷன் வானொலியில் லீ டாய் சோர் கான்டனீஸில் கதை சொல்லக் கேட்டு வளர்ந்த காதுக்கு அது ருசிக்குமா? வசனம் வரும்போது ஆன்ட்டி உதட்டைப் பிதுக்குவார். கதையைத் தாமே சொல்லத் தொடங்கிவிடுவார். பாதி மலாய், பாதி ஆங்கிலம், மீதி கைஜாடை. திரையில் நடிகர்கள் ஒன்றைப் பேசிக்கொண்டிருக்க, ஆன்ட்டி அடுத்த வாரத்துக் கொலைக்குப் போயிருப்பார்.

கதை முழுக்க அவருக்கு மனப்பாடம். காரணம், அந்த வீட்டில் ஷின் மின் நாளிதழ் வந்துகொண்டிருந்தது. 1959 மே மாதம் ஹாங்காங்கில் ஜின் யோங் மிங் பாவ் பத்திரிகையை ஆரம்பித்தபோது, முதல் இதழிலிருந்தே இந்தக் கதைதான் தொடராக வந்தது. பத்திரிகை நின்று பிடித்ததற்கு யாங் குவோவும் ஒரு காரணம் என்பார்கள். 1967இல் அவரே சிங்கப்பூரில் ஷின் மின்னைத் தொடங்கினார். கூட்டாளி யார் தெரியுமா? கோடாலித் தைலத்தின் முதலாளி லியுங் யுன் சீ. எங்கள் பாட்டி நெற்றியில் தடவிக்கொண்ட அதே தைலம். இதை நான் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன், அன்றைக்குத் தெரிந்திருந்தால் பாட்டிக்குச் சொல்லியிருப்பேன்.

லீ மோச்சோ வரும் இடங்களில் காதலைப் பற்றிய பழைய பாட்டு ஒன்று வரும். அது ஜின் யோங் எழுதியதல்ல. 1205இல் யுவான் ஹாவ்வென் என்ற பதின்வயதுப் பையன் தேர்வெழுதப் போகிற வழியில் ஒரு வேடனைப் பார்க்கிறான். வேடன் அன்று காலை ஒரு காட்டு வாத்தைக் கொன்றிருக்கிறான். வலையிலிருந்து தப்பிய அதன் ஜோடி பறந்து போகாமல் அங்கேயே கத்திக் கத்தி, கடைசியில் தரையில் வந்து மோதிச் செத்துவிட்டதாம். யுவான் இரண்டு பறவைகளையும் காசு கொடுத்து வாங்கி, ஃபென் ஆற்றங்கரையில் புதைத்து, மேலே கல்லைக் குவித்துவிட்டுப் பாட்டெழுதினான். பறவைகளின் கற்புக்காக எழுதிய அந்தப் பாட்டை எடுத்து, இத்தனை கொலை செய்தவளின் வாயில் வைத்தார் ஜின் யோங். ஒரு எழுத்தாளனாக அவர் செய்த ஆகப்பெரிய விஷமம் அதுதான் என்பேன். பாட்டு அழகாக இருக்கிறது. பாடுகிறவள் கையில் ரத்தம் காயவில்லை. எதை நம்புவது?

காதலனின் கல்யாணத்தன்றே அவள் கத்தியோடு போகிறாள். அங்கே வந்திருந்த ஒரு பிக்கு தடுத்து, பத்து வருஷம் அவர்களைத் தொடமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொள்கிறார். வாக்கைக் காப்பாற்றுகிறாள், அதுதான் விசேஷம். பத்து வருஷம் எண்ணியிருந்து திரும்பி வரும்போது காதலனும் அவன் மனைவியும் செத்துப்போயிருக்கிறார்கள். பழிவாங்க ஆளில்லை. ஆகவே அவன் தம்பி வீட்டுச் சுவரில் ஒன்பது ரத்தக் கைத்தடங்களைப் பதித்துவிட்டுப் போகிறாள், ஓர் உயிருக்கு ஒரு தடம். செத்தவர்கள் இருவருக்கும் சேர்த்தே பதித்திருக்கிறாள்.

ஒருநாள் ஆன்ட்டியைத் தேடி வந்த அம்மா வாசலில் நின்றபடியே இந்தக் காட்சியைப் பார்த்தார். ஆன்ட்டி "கெசியான்" என்றார், பாவம் என்று. அம்மாவுக்கு வந்ததே கோபம். "யாரு பாவம்? இவளா? கண்ணகி மதுரையைக் கொளுத்தினா, சரி. அதுலயும் கெழடு, கொழந்த, பசுமாடு, பத்தினியெல்லாம் விட்டுத்தானே கொளுத்தினா? இவ வேலைக்காரியக்கூட விடலயே!" இதை மலாயில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் என்னிடம் தமிழில் சொன்னார். நான் ஆன்ட்டிக்கு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "இவளும் கெட்டவள்தான், கேர்ள். இருந்தாலும் பாவம்" என்றார். இரண்டுக்கும் நடுவே ஒரு முரண் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை.

நாவலில் அவள் ஒரு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பகுதி இருக்கிறது. சியாவ் லோங் நியூவின் குழந்தை என்று நினைத்துத்தான் தூக்குகிறாள். பேரம் பேச ஒரு பிணை கிடைத்த மாதிரி. ஆனால் சிறுத்தைப் பால் கொடுத்து, மடியில் போட்டுத் தூங்கவைத்து, பேரத்தையே மறந்துபோகிறாள். வேறு எந்தக் கதாசிரியனாக இருந்தாலும் அங்கே அவளைத் திருத்தியிருப்பான். ஜின் யோங் திருத்தவில்லை. குழந்தை கைவிட்டுப் போனதும் அவள் பழைய லீ மோச்சோதான். கடைசியில் விஷப்பூ முள்ளில் விழுந்து, எரியும் தீக்குள் தானே நடந்து போகிறாள், அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டே. அந்த இரவு ஆன்ட்டி அழுதார். நான் அழவில்லை, ஆனால் சாப்பிடவும் இல்லை.

அப்போதிலிருந்து இந்த வகைக் கதைகளில் மாட்டிக்கொண்டேன். அரண்மனை, வாள், விஷம், காதல். காதலிக்கிற இருவரில் ஒருவராவது கொலைகாரர். தோழிகள் கேலி செய்வார்கள். நம் படங்களில் எப்பேர்ப்பட்ட ரவுடியும் நாயகியின் ஒரு சொட்டுக் கண்ணீரில் கடைசி ரீலுக்குள் கழுவப்பட்டு வெளியே வந்துவிடுவான். அது எனக்கு எப்போதும் ஏதோ குறைபோலவே இருந்தது. இந்தக் கதைகளில் காதல் உண்மை, குற்றமும் உண்மை. ஒன்று மற்றொன்றைக் கழித்துவிடுவதில்லை.

வேலைக்குப் போய், கல்யாணமாகி, கணவர் தூங்கிய பிறகு மடிக்கணினியில் ஆங்கில எழுத்தோடு பார்த்தது ஜென் ஹுவானின் கதை. லியூ லியான்ஸி இணையத்தில் எழுதிய நாவல் அது. நாவலில் கற்பனை ராஜ்யம். 2011இல் 76 பகுதித் தொடரானபோது இயக்குநர் ஜெங் சியாவ்லோங் அதை யோங்ஜெங் பேரரசர் காலத்துக்கு, 18ஆம் நூற்றாண்டின் பெய்ஜிங்குக்குக் கொண்டுபோய்விட்டார். சுன் லி நாயகி. ஒரு வாரம் போல அரைத்தூக்கத்தோடு அலுவலகம் போனேன்.

இதிலும் என் கண் நாயகி மேல் நிற்கவில்லை. ஹுவா ஃபெய் என்றொரு அரசி வருகிறாள். அண்ணன் பெரிய தளபதி நியான் கெங்யாவ், அதனால் திமிர். மற்றப் பெண்களை அடிக்கிறாள், சாகடிக்கிறாள். அவளுக்கு மட்டும் என்று பேரரசர் ஒரு வாசனைத் தூபம் கொடுத்திருக்கிறார். வேறு யாரும் அதை ஏற்றக்கூடாது. அதுதான் அவளுக்குப் பெருமை. வருஷக்கணக்காக அந்தப் புகையை மூச்சிழுத்துக்கொண்டு, குழந்தை வேண்டுமென்று மருந்து குடிக்கிறாள். தூபத்தில் கலந்திருப்பது கஸ்தூரி. தளபதியின் தங்கைக்கு ஒரு மகன் பிறந்தால் சிம்மாசனத்துக்கு ஆபத்து, ஆகவே கருத்தரிக்காமலிருக்கப் பேரரசரே கலக்கச் சொன்னது. அவருக்கு அவளைப் பிடிக்காமலும் இல்லை. கவலையில்லாமல் பிரியம் காட்டலாம், அவளால் தொல்லை வராது என்ற நிம்மதியில் பிரியமாக இருக்கிறார். அண்ணன் வீழ்ந்து, தானும் குளிர் அரண்மனையில் கிடக்கும்போது ஜென் ஹுவான் வந்து இந்த உண்மையைச் சொல்கிறாள். ஹுவா ஃபெய் சுவரில் தலையை மோதிச் சாகிறாள். அவளைக் கொன்றது யார்? தூபம் கொடுத்தவரா, வந்து சொன்னவளா?

சரித்திரத்தைப் புரட்டினால் வேறு கதை. நியான் குடும்பத்து அரசிக்கு மூன்று மகன், ஒரு மகள் பிறந்தார்கள்; ஒன்றும் வளர்ந்து ஆளாகவில்லை. 1725 கடைசியில் அவள் நோயில் இறந்தாள். சில வாரத்துக்குள் அண்ணனுக்குத் தற்கொலை செய்துகொள்ளும்படி அரச ஆணை. தூபமும் இல்லை, சுவரும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்த ஒரு தாயிடமிருந்து அந்தக் குழந்தைகளையும் கதைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. தொடர் நன்றாக இருக்கிறது என்பதால் மனத்தாங்கல் போய்விடவில்லை.

ஜென் ஹுவானும் லேசுப்பட்டவளல்ல. வயிற்றில் இருக்கும் பிள்ளை நிலைக்காது என்று தெரிந்ததும், அந்தச் சாவையும் வீணாக்காமல் பட்டத்தரசி மேல் பழியாகப் போடுகிறாள். சாட்சி சொல்வது யார்? அவளுடைய சிறுமகள். பெரியம்மா தள்ளிவிட்டதைப் பார்த்தேன் என்று அந்தக் குழந்தை கண் இமைக்காமல் பொய் சொல்கிறது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அரண்மனைக் காற்றே போதும். எனக்குத் தொடரிலேயே பயங்கரமான இடம் அதுதான். எத்தனையோ விஷக் கோப்பைகள் வந்து போகின்றன, அந்தக் குழந்தையின் முகம் மட்டும் மறக்கவில்லை.

2019 தொடக்கத்தில் பெய்ஜிங் டெய்லியைச் சேர்ந்த ஓர் இதழ், அரண்மனைத் தொடர்கள் ஆடம்பரத்தையும் சூழ்ச்சியையும் வளர்க்கின்றன என்று குற்றப்பட்டியல் போட்டது. அதற்குப் பின், முந்தைய வருஷம் சக்கைப்போடு போட்ட 'யான்ஸி அரண்மனை' உள்ளிட்டவை சில ஒளிவழிகளின் மறு ஒளிபரப்பிலிருந்து காணாமல் போயின. சூழ்ச்சி அதில் உண்டுதான், மறுக்கமாட்டேன். ஆனால் ஜென் ஹுவானைப் பார்த்துவிட்டு அரண்மனையில் வாழ ஆசைப்பட்ட ஒருத்தியையும் நான் பார்த்ததில்லை.

அதே வருஷம்தான் 'கிழக்கு அரண்மனை' வந்தது. அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்குச் சீனாவிலிருந்து வேலைக்கு வந்திருந்த ஒரு பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். மதியம் உணவங்காடியில் வான்டன் மீயை வைத்துக்கொண்டு எனக்கு எச்சரிக்கை கொடுத்தாள். "அக்கா, இந்த எழுத்தாளரை நாங்க சித்தின்னு கூப்பிடுவோம். பெத்த தாயா இருந்தா பாத்திரங்கள இப்படிக் கொடுமை பண்ணமாட்டாங்க." அக்கா என்று கூப்பிட அவளுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். எழுத்தாளர் ஃபெய் வோ ஸு சுன். முடிவைப் படித்த கோபத்தில் வாசகர்கள் இப்படிப்பட்ட எழுத்தாளர்களுக்குச் சவர பிளேடு அனுப்பப்போவதாக விளையாட்டாய் மிரட்டுவது அங்கே வழக்கமாம்.

மேற்கு லியாங் இளவரசி சியாவ்ஃபெங். பாலைவனத்தில் குதிரையேறித் திரிகிறவள், கள்ளங்கபடு அறியாதவள். ஒரு தேயிலை வியாபாரியைக் காதலிக்கிறாள். அவன் நிஜத்தில் லி பேரரசின் இளவரசன் லி செங்யின். அம்மாவின் சாவுக்குப் பழிவாங்க அவனுக்கு அதிகாரம் வேண்டும். அதிகாரத்துக்குப் போரில் வெற்றி வேண்டும். வெற்றிக்கு அவளுடைய தாத்தாவின் டான்சி கூட்டத்தார் இருக்கும் இடம் தெரிய வேண்டும். அவளைக் கட்டிக்கொள்ளும் நாளிலேயே படை வந்து இறங்குகிறது. தாத்தா அவன் கையால் சாகிறார். அவள் மறதி ஆற்றில் குதிக்கிறாள். அவனும் பின்னாலேயே குதிக்கிறான். பிழைத்து எழும் இருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. அரசியல் காரணத்துக்காக அவர்களுக்கே மறுபடி திருமணம் செய்து வைக்கிறார்கள். தாத்தாவைக் கொன்றவனோடு அவள் ஒரே கூரைக்குள் சண்டை போட்டு, சிரித்து, மெல்ல மெல்ல மறுபடியும் காதலிக்கத் தொடங்குகிறாள்.

பார்க்கிற நமக்கு எல்லாம் தெரியும். அதுதான் சித்தி வேலை. அவர்கள் சிரிக்கும் ஒவ்வொரு காட்சியிலும் நமக்கு வயிற்றைப் பிசையும். இப்போது நினைவு வந்துவிடுமோ, அடுத்த காட்சியில் வந்துவிடுமோ என்று. சென் சிங்சூ அந்த இளவரசனாக நடித்த விதம் எனக்கு இன்னும் எரிச்சல், ஏனென்றால் அவனைப் பார்த்தால் இரக்கம் வருகிறது. வரக்கூடாது. இந்த மாதிரி ஆட்களை நாயகன் ஆக்குவதில் ஒரு சிக்கல் உண்டு: முகம் அழகாக இருந்தால் பார்ப்பவர் பாதி குற்றத்தை மன்னித்துவிடுவார்கள். ஆகவே மன்னிக்கும் உரிமை யாருக்கு என்பதில் கதை கறாராக இருந்தால்தான் தப்பிக்கும். இது கறாராக இருக்கிறது. சியாவ்ஃபெங்குக்கு நினைவு திரும்புகிறது. அவள் அவனைக் கொல்லவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. இரண்டு நாட்டுப் படைகள் எதிரெதிரே நிற்க, போரைத் தவிர்க்க வாக்கு வாங்கிக்கொண்டு தன் கழுத்தை அறுத்துக்கொள்கிறாள். அவன் பேரரசன் ஆகிறான், கிழவனும் ஆகிறான். அவளில்லாமல்.

"அவன் உண்மையா லவ் பண்ணானா இல்லையா, சொல்லுங்க அக்கா" என்று அந்தப் பெண் மறுநாள் பிடித்துக்கொண்டாள். பண்ணினான் என்றேன். "அப்போ?" அப்போ ஒன்றுமில்லை. லி செங்யினின் காதலைச் சந்தேகப்பட்டால் கதை சுலபமாகிவிடும், ஏமாற்றுக்காரன், முடிந்தது. அவன் காதல் சுத்தமானது, அதனால் அவளுக்குக் காலணா பிரயோசனமில்லை. அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை அவர்கள் பேசிக்கொண்டிருந்தால் சரியாகியிருக்கும் என்பது அவள் கட்சி. சின்னப்பெண்.

அவளுக்குப் பதில் சொல்லும் விதமாக நான் ஐலீன் சாங்கின் கதை ஒன்றைக் கொடுத்தேன். அவள் பள்ளிக் காலத்தில் பெயர் கேட்டதோடு சரி. நான் படித்தது ஆங்கில மொழிபெயர்ப்பில். அதற்கு முன் பார்த்தது, அதை வைத்து ஆங் லீ எடுத்து 2007இல் வெனிஸில் தங்கச் சிங்கம் வாங்கிய படம். ஜப்பான் பிடித்துவைத்திருந்த ஷாங்ஹாய். மாணவ நாடகக்குழுவில் நடித்த வோங் சியா-சி, ஜப்பானியரின் கைப்பாவை அரசில் உளவுத்துறையை நடத்தும் யீ என்பவனை மயக்கிக் கொலைக்களத்துக்குக் கூட்டிவர வேண்டும். கொலைக்களம் ஒரு நகைக்கடை. கடைக்காரர், கவனியுங்கள், ஓர் இந்தியர். படத்தில் அனுபம் கேர். மாடியில் ரோஜா நிற வைரத்தை அவள் விரலுக்கு யீ வாங்கிக் கொடுக்கும் நேரம், விளக்கடியில் அவன் முகத்தில் தெரிந்த ஏதோ ஒன்றை அவள் அன்பென்று நம்பிவிடுகிறாள். ஓடிவிடு என்று மெல்லச் சொல்கிறாள். அவன் ஓடுகிறான். தப்பியதும் தெருவை அடைத்து எல்லாரையும் பிடிக்கிறான். இரவுக்குள் அவளையும் சேர்த்துச் சுட்டாகிவிட்டது. வீட்டுக்குப் போனால் பெண்கள் மாஜோங் ஆடிக்கொண்டு விருந்து எங்கே என்று கேட்கிறார்கள். அவன் மனத்தில் வருத்தத்தைவிட ஒரு நிறைவுதான் இருக்கிறது. அவள் என்னை நேசித்தாள், இனி அவள் முழுக்க என்னுடையவள். சிறுகதைதான், அரை மணி நேரத்தில் படித்துவிடலாம். சாங் அதைக் கிட்டத்தட்ட முப்பது வருஷம் திருத்திக்கொண்டிருந்தார். அவருடைய முதல் கணவர் ஹூ லான்செங் அதே கைப்பாவை அரசில் பிரசாரத் துறையில் இருந்தவர் என்பதால், யீயின் முகத்தில் அவரைத் தேடாத விமர்சகர் கிடையாது.

கதைக்கு அடியில் ஒரு நிஜச் சம்பவம் இருக்கிறது. ஜெங் பிங்ரூ, சீனத் தந்தைக்கும் ஜப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். 1939 டிசம்பரில் உளவுத்துறைத் தலைவன் டிங் மோசுன்னை ஷாங்ஹாயில் ஒரு ரோமக் கோட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். வெளியே நின்ற ஆட்களைப் பார்த்துச் சந்தேகப்பட்டு அவன் குண்டு துளைக்காத காருக்குள் பாய்ந்து தப்பினான். 1940இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். டிங்குக்குப் போருக்குப் பின் 1947இல் மரண தண்டனை. அந்தக் கடையில் மோதிரமும் இல்லை, ஓடிவிடு என்ற சொல்லும் இல்லை. படம் வந்தபோது ஜெங் பிங்ரூவின் தங்கை முதுமையில் வெளியே வந்து, என் அக்கா அப்படிப்பட்டவள் அல்ல என்று பகிரங்கமாகச் சொன்னார்.

அவர் கோபம் நியாயம். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவளோடு எதிரி மேல் வந்த பிரியத்தை ஒட்டவைத்தால் வீட்டாருக்குப் பொறுக்குமா? சாங் எழுதியது வேறொருத்தியை என்று சமாதானம் சொல்லலாம், ஆனால் ரோமக் கடை நினைவுக்கு வராமல் நகைக்கடைக் காட்சியை இன்று யாரும் படிப்பதில்லை. என் மரியாதை ஜெங் பிங்ரூவுக்குத்தான். அலமாரியிலிருந்து மறுபடி மறுபடி எடுத்துப் படிப்பது என்னவோ வோங் சியா-சியை. பக்கத்து மேசைப் பெண் புத்தகத்தைத் திருப்பித் தந்தபோது கேட்டேன், இவர்களும் இன்னொரு தடவை பேசிக்கொண்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று. முறைத்துவிட்டு, வேறு புத்தகம் இருந்தால் கொடுங்கள் அக்கா என்றாள்.